ஆறாம் விடுதியின் யன்னல்கள்

நான் திறக்கிறேன்.
கை கழுவி வருவதற்குள்
யாரோ சாத்திவிடுகிறார்கள்.

மார்கழி. மல்லாவியில் மூன்றாம் நாளாய் மழை.
வவுனிக்குளம் வான் பாய்கிறதென்று
சாப்பாடு கொண்டுவந்தவர்கள் சொல்கிறார்கள்,
சொல்லிக்கொண்டே இருமுகிறார்கள்,
இடியப்பப் பெட்டியைத் திறந்தபடி.

"மிசி, வாடை குத்துது" என்கிறார் நாலாம் கட்டில்.
"காத்து வரட்டும் ஐயா."
"காத்திலதானே பிள்ளை காய்ச்சல் வாறது?"
பாதி சரி. பாதி பிழை.
அந்த இரண்டு பாதிக்கும் நடுவில்தான்
எனக்குச் சம்பளம்.

கட்டிலுக்குக் கட்டில் மூன்றடி விடச் சொல்லிச் சுற்றறிக்கை.
தையல் நாடாவால் அளந்தேன்.
இருபத்திரண்டு கட்டிலுக்குக் கட்டிய கூடம்,
உள்ளே முப்பத்தொன்று.
நாடா ஒன்றே முக்காலில் முட்டி நின்றது.
பிறகு ஒன்று விட்டு ஒன்று
தலைமாட்டைக் கால்மாடாய்த் திருப்பினோம்,
ஒருவரின் இருமல்
அடுத்தவரின் பாதத்தில் விழட்டுமென்று.
"சூடை மீன் அடுக்கினமாதிரி" என்று சிரித்தார்கள்.

அருமைத்துரை சிரிக்கவில்லை.
"நாங்கள் ஒட்டிப் படுத்துத்தான் தப்பினனாங்கள், மிசி.
பங்கருக்குள்ள ஆறு பேர்.
பக்கத்தில கிடக்கிறவன்ர மூச்சு கழுத்தில சுட்டால்
ஆள் இருக்கிறான் எண்டு கணக்கு.
இப்ப தள்ளிப் படு எண்டால்
உடம்பு கேக்குதில்லை."
சுவரில் ஒட்டிய விளக்கப் படத்தில்
ஏழு படிகளில் கை கழுவுகிறார்கள்.
இதற்குப் பதில் எட்டாம் படியிலும் இராது.

செவ்வாய்க்கிழமை என் தொண்டையில் ஒரு முள்.
தடிமன்தான் என்றேன்.
லோஜினி பிரசவ லீவில்.
துஷ்யந்தியின் பாதைக்கு மேலால் வெள்ளம்.
இரண்டு பனடோல், இஞ்சித் தேத்தண்ணி.
முகக்கவசத்தை இறுக்கிக் கட்டினேன்,
குடிக்க மட்டும் இறக்கினேன்,
மூக்கைத் துடைக்க மட்டும்.
ஒன்பதாம் கட்டில் நாகமுத்தரை நிமிர்த்தி
முதுகில் தட்டிச் சளி எடுத்தேன்.
ஈளைக்காரர்.
என் தோளில் தாடையை வைத்து
மூச்சைக் கடன் வாங்குவதுபோல் வாங்கினார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு நூற்றிரண்டு.
ஒட்சிசன் உருளையை உருட்டி வந்தோம்.
என்னை யாரும் கேட்கவில்லை.
வாசலில் இருமிய அவருடைய மருமகனைத்தான்
எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.
நானும் பார்த்தேன்.

இரவு, பதிவேட்டில் ஒரு நிரல்:
தொற்று வந்த வழி.
'பார்வையாளர்' என்று
பா எழுதி, அரவும் இழுத்தாயிற்று.
அதோடு வெட்டினேன்.
'விடுதித் தாதி. செவ்வாய் முதல் அறிகுறி'
என்றெழுதிக் கையொப்பம் வைத்தேன்.
எழுத்து கோணியது
காய்ச்சலாலும் இருக்கலாம்.

வைத்திய அதிகாரி வாசித்தார். ஏசவில்லை.
"அஞ்சு நாள் வீட்டில நில்லுங்கோ" என்றார்.
பிறகு முறைப்பட்டியலை விரித்து
என் பெயர் இருந்த கட்டங்களை
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்,
போடுவதற்கு இன்னொரு பெயர் இல்லாமல்.

போகும்போது நாகமுத்தரைப் பார்க்கவில்லை.
பார்க்கக் கூடாது.
கதவுக் கண்ணாடிக்கு வெளியே நின்று
போர்வை ஏறி இறங்குவதை எண்ணினேன்.
முப்பத்தாறு. கூடத்தான்.
ஆனால் ஏறியது, இறங்கியது.

மதிலோரமாய் வந்து திரும்பிப் பார்த்தேன்.
எட்டு யன்னல்.
ஏழு சாத்தியிருந்தது.
எட்டாவதை, காற்றில் அடிபடாமல்,
யாரோ பண்டேஜ் துணியால் கம்பியோடு கட்டித்
திறந்து வைத்திருந்தார்கள்.
அது யாருடைய கட்டிலென்று எண்ணத் தொடங்கி
இடையில் பிழைத்துப்போனேன்.

இருமல் வந்தது.
மாடுகள் மட்டும் நனைந்து படுத்திருந்த தெருவில்
முழங்கையை மடித்து
அதற்குள் இருமினேன்.